கதவுகளை எண்ணியவர்

பொது நிர்வாக டிப்ளோமா வகுப்பில் வழங்கப்பட்ட ஒரு விரிவுரைக் குறிப்பு என்னிடம் இருக்கிறது. சில பக்கங்கள்தான், இடது மூலையில் ஒரு கம்பி. முதற்பக்கத்தின் மேலே, என் வழக்கப்படி, கிடைத்த நாளையும் இடத்தையும் பென்சிலால் எழுதியிருக்கிறேன்: மாசி மாதம், மூன்றாம் சனிக்கிழமை, வெள்ளவத்தை, பிற்பகல் வகுப்பு. உள்ளே ஒரு பச்சைக் கதவின் படம். அதன் கீழே, ‘எல்லைத் திகதிக்குப் பின்னர் வெட்டப்பட்ட போலி வாசல்: ஒரு மாதிரி’ என்று அச்சிட்டிருக்கிறது. அந்தக் கதவு என் அக்காவுடையது. அது போலி அல்ல. அதற்காகச் சுவரை வெட்டிய நாளில் நான் அங்கே நின்றேன். மேசன் பாஸ் கேட்டபோதெல்லாம் சீமெந்துக்குத் தண்ணீர் ஊற்றியது நான்தான். இதை எழுதும்போது எனக்குக் கோபம் இருக்கிறது. கோபத்தில் எழுதும் குறிப்பில் நாட்களும் திகதிகளும் பிசகும் என்பதை அனுபவத்தில் அறிவேன். ஆகையால் நிச்சயமாகத் தெரிந்ததைத் தெரிந்ததென்றும், தெரியாததைத் தெரியாதென்றும் பிரித்தே எழுதுகிறேன்.

அந்தக் குறிப்பைத் தயாரித்தவர் இன்று ஒரு பணிப்பாளர். முன்னொரு காலத்தில் அதே வகுப்பில் என் பக்கத்துக் கதிரையில் இருந்தவர்.

நான் அப்போது ஒரு திணைக்களத்தில் எழுதுவினைஞன். அவர் புதிதாகச் சேவையில் சேர்ந்த உதவிப் பணிப்பாளர். கொழும்பின் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடி மண்டபத்தில் சனிக்கிழமைகளில் வகுப்பு நடக்கும். தண்டவாளம் பக்கத்திலேயே. ரயில் வரும்போது விரிவுரையாளர் வசனத்தைப் பாதியில் நிறுத்தி, கையிலுள்ள சோக்கட்டியைப் பார்த்தபடி நிற்பார். கடைசிப் பெட்டி போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார். பொறுப்புக்கூறல், நடுநிலை, தற்றுணிபு என்ற பெரிய சொற்களெல்லாம் எனக்குள் இரண்டு துண்டாகத்தான் பதிந்திருக்கின்றன, நடுவில் ஒரு ரயிலோடு. தற்றுணிபு என்றால், சட்டம் வாய் திறக்காத இடத்தில் அதிகாரி தன் புத்தியைக் கொண்டு முடிவெடுக்கும் உரிமை. எங்கள் வகுப்பு அதிகம் சண்டை பிடித்தது அந்தச் சொல்லைப் பற்றித்தான்.

ஒருநாள் விரிவுரையாளர் ஒரு கணக்குப் போட்டார். வெள்ளம் வந்த கிராமத்துக்கு நிவாரணப் பொதி ஒன்று குறைவாக வந்திருக்கிறது. எந்தக் குடும்பத்தை விடுவீர்கள்? வகுப்பு ஆளுக்கொன்று சொன்னது. கடை வைத்திருப்பவனை விடலாம், பிள்ளை வெளிநாட்டில் உள்ளவர்களை விடலாம், தனி ஆளை விடலாம். என் பக்கத்துக் கதிரைக்காரர் எழுந்து, “சீட்டுக் குலுக்குவன் சேர்” என்றார்.

“கைக்குழந்தைக்காரி விடுபட்டால்?”

“விடுபடட்டும் சேர். நான் ஆளைப் பாத்துத் தெரிஞ்செடுத்தா, நாளைக்கு எம்.பி.யின்ர கடிதத்தோட ஒருத்தன் வந்து நிப்பான். சீட்டுக்கு ஆரும் கடிதம் குடுக்கேலாது.”

பின்வரிசையிலிருந்து ஒருவர், “மச்சான், கலியாணத்துக்கும் சீட்டோ குலுக்கப் போறாய்?” என்றார். “ஓம். உன்ர தங்கச்சியின்ர பேரையும் எழுதிப் போடவோ?” என்று திரும்பிப் பாராமலே சொன்னார் இவர். விரிவுரையாளரும் சிரித்துவிட்டார். அப்படிப்பட்ட ஆள்தான் அவர். சிற்றுண்டிச்சாலையில் தேநீர் ஊற்றுபவன் அதிகாரி என்று அவரை முன்னுக்குக் கூப்பிட்டால் போகமாட்டார். எங்களோடு வரிசையில் நின்று, தன் முறை வந்த பிறகுதான் கோப்பையைத் தொடுவார். எனக்கு அவரைப் பிடிக்கும். இதையும் பதிவு செய்ய வேண்டும்.

வகுப்பு முடிந்து கடற்கரைப் பாறைகளில் இருந்தபோது, ஏன் சீட்டு என்று ஒருமுறை கேட்டேன். அவருடைய தகப்பன் ஆசிரியர். அதிபர் பதவிக்கு அவருடைய முறை வந்தபோது, கையில் கடிதத்தோடு வந்த இன்னொருவருக்கு அது போய்விட்டது. “அப்பா அதுக்குப் பிறகு சைக்கிளில ஏறேல்லை. பள்ளிக்கூடத்துக்கு உருட்டிக்கொண்டுதான் போவார். ஏன் எண்டு நாங்கள் கேக்கேல்லை, அவரும் சொல்லேல்லை” என்றார். பிறகு, மனப்பாடம் செய்ததைப் போல, “விதி எல்லாருக்கும் ஒண்டு. இரக்கம் ஆளுக்காள் மாறும். எங்களைப் போல ஆக்களுக்கு விதிதான் காவல்” என்றார். இரக்கத்தையும் சலுகையையும் அதிகாரியின் மனநிலையையும் நம்பி இந்த நகரத்தில் வாழ்ந்த தமிழர் எவரும் அந்த வசனத்தை மறுக்கமாட்டார்கள். நானும் மறுக்கவில்லை. வெளிநாட்டு நூல்கள் பல படித்த பின்னரும், அந்த வசனத்தைவிடத் தெளிவாக நிர்வாகத்தை யாரும் எனக்கு விளக்கியதில்லை. இன்று எனக்கிருக்கும் கோபத்தின் பெரும்பங்கு அதனால்தான்.

இனி அக்காவைப் பற்றி. பெரியம்மாவின் மகள். கலியாணம் முடித்த நாளிலிருந்து கொட்டாஞ்சேனையில், ஒரு தோட்டத்தில் வாழ்ந்தவர். கொழும்பில் தோட்டம் என்றால் மரங்கள் நிற்கும் இடமல்ல. பொதுக்குழாய் ஒன்றைச் சுற்றி, முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகள். அத்தான் துறைமுகத்தில் வேலை செய்தார். கீழ்வீட்டில் அவருடைய தம்பி குடும்பம், மேலே அத்தானும் அக்காவும். புதுப்பெண் ஒவ்வொரு முறையும் கொழுந்தனின் கூடத்துக்குள்ளால் போய் மாடியேற வேண்டியிருந்தது. அது அத்தானுக்குப் பிடிக்கவில்லை. பக்கச் சுவரை வெட்டி, படிக்கட்டின் அடியில் தனி வாசல் வைத்தார். கப்பலில் வந்த பொருட்பெட்டிகளின் பலகையால் கதவு. கப்பலுக்குப் பூசி மிஞ்சிய சாம்பல் நிறப் பெயின்ட். மகள் பிறந்த வருடம் அதன் மேல் நீலம் பூசினார். அத்தான் இறந்த பிறகும் அந்த நீலம் நெடுநாள் இருந்தது. அக்கா ஒரு தையற்கடைக்கு வேலைக்குப் போய் மகளை வளர்த்தார். கீழ்வீட்டோடு பகையில்லை, ஆனால் அடுப்பு வேறு, குழாயடியில் வாளியும் வேறு.

தோட்டத்தை இடித்து, ஆட்களைத் தெமட்டகொடைப் பக்கம் எழும்பிய அடுக்குமாடிக்கு அனுப்பப்போகிறார்கள் என்ற செய்தி பல வருடம் வதந்தியாக இருந்து, ஒருநாள் உண்மையானது. யாருக்கு வீடு என்பதற்கு ஒரு விதி வந்தது. எல்லைத் திகதிக்கு முன்னரே தனி வாசலோடு வாழ்ந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வீடு. வாசல் ஒன்றானால், உள்ளே எத்தனை குடும்பம் இருந்தாலும் ஒரு வீடு. அந்த விதியை எழுதியவர் என் பழைய வகுப்புத் தோழர். “மனிசர் பொய் சொல்லுவினம், கதவு சொல்லாது” என்று அவர் ஒரு கூட்டத்தில் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவரிடமே கேட்டபோது, ஓம், சொன்னனான் என்றார்.

கணக்கெடுக்க வரும் செய்தி ஒரு கிழமைக்கு முன்பே தோட்டத்துக்கு வந்துவிட்டது. அந்தக் கிழமை நான் அங்கே போனபோது எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் உடைபடும் சத்தம். தோட்டத்து மேசன் பாஸ் ஒரே நாளில் மூன்று வீட்டில் வேலை செய்தார். திறந்தால் அடுத்த வீட்டுச் சுவரில் முட்டும் கதவு, கட்டில் ஒன்றின் தலைமாட்டில் கதவு, உள்ளே படியே இல்லாமல் வெறும் மண்ணைத் தாங்கி நின்ற கதவு. ஆனால் தோட்டத்தார் முட்டாள்களல்ல. வரும் அதிகாரிகள் புதியதைத்தான் தேடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். மருதானைப் பக்கம் பழைய இரும்புக் கடைகளில் துருப்பிடித்த கதவுப் பிணைச்சல்களை வாங்கி வந்தார்கள். பலகைக்குத் தேயிலைச் சாயமும், கராஜில் வடித்த கறுத்த எண்ணெயும் பூசினார்கள். நிலையின் அடியில் கரியைத் தேய்த்தார்கள். ஒரு கிழமை வயதுக் கதவுகள் எல்லாம் வெள்ளைக்காரன் காலத்துக் கதவுகளாகிவிட்டன.

அக்கா மட்டும் நேர் எதிர்மாறாகச் செய்தார். அது பொங்கல் மாதம். பொங்கலுக்கு வீட்டைக் கழுவிச் சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவது அவருடைய வழக்கம், அந்த வருடம் கதவையும் சேர்த்துக்கொண்டார். அதோடு, அரசாங்கத்து ஆட்கள் வரப்போகிறார்கள், வீடு மரியாதையாக இருக்க வேண்டும் என்ற எண்ணமும். ஈரத்தில் உதிர்ந்த நிலையோரத்தைச் சீமெந்து வைத்துப் பூசுவித்தார், பழைய பிணைச்சலைக் கழற்றிப் புதியது போட்டார், கதவுக்கு நல்ல பச்சை பூசினார். எதிர்வீட்டுப் பெண் தன் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னாக்கா, மாப்பிள்ளை பாக்க வாறாங்களா? கதவுக்குப் பவுடர் போட்டு வச்சிருக்கீங்க.”

“பொங்கலுக்குப் பூசாம வேற எப்ப பூசிறது? உன்ர கதவைப் பார். பிறந்து ஒரு கிழமை ஆகேல்லை, அதுக்குள்ள கிழவி வேசம்.”

“வேசம் போட்டாத்தான் வீடு தருவாங்க. இந்தக் கதவத் தொறந்து கால வச்சா நான் சாக்கடைக் கானுக்குள்ளதான் விழுவேன். தொறந்து காட்டுன்னு யாரு கேக்கப்போறா?”

யாரும் கேட்கவில்லை. கணக்கெடுக்க இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். அன்று நானும் அங்கே இருந்தேன். எதிர்வீட்டுக் கதவைப் படம் எடுத்து, பழையது என்று குறித்துக்கொண்டார்கள். அக்காவின் கதவில் ஒருவர் பெருவிரலை அழுத்தினார். விரலில் பச்சை ஒட்டியது. மற்றவரைப் பார்த்து லேசாகச் சிரித்தார், அவர் அதையும் படம் எடுத்துக்கொண்டார்.

“தம்பி, கதவு பழசு. பெயின்ட்தான் புதுசு” என்றார் அக்கா.

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க, அம்மா.”

அந்தத் தோட்டத்தில் வேறு எவருக்கும் அப்படிச் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. இளைஞர்கள் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். முடிவு வந்தபோது எதிர்வீட்டுக்கு இரண்டு வீடுகள். அக்காவின் பகுதிக்கும் கொழுந்தனின் பகுதிக்கும் சேர்த்து ஒன்று. அதுவும் கொழுந்தனின் பெயரில். அவருக்கு வளர்ந்த ஆண்பிள்ளைகள். அடுக்குமாடி வீட்டில் இரண்டு அறையும் ஒரு கூடமும்தான். அக்காவுக்கும் வயதுக்கு வந்த மகளுக்கும் மிஞ்சியது அந்தக் கூடம், அதுவும் கொழுந்தன் மனைவி மனம் வைத்தால்.

எதிர்வீட்டுக்காரரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அவருடைய போலிக் கதவுக்குப் பின்னால் இரண்டு உண்மையான குடும்பங்கள் இருந்தன. அந்தத் தோட்டத்தின் பொய்க் கதவுகளில் பெரும்பாலானவற்றின் பின்னால் அப்படித்தான். கோயில் திருவிழாவுக்குத் தோட்டத்தில் பணம் சேர்க்கும்போது வாசலை யாரும் எண்ணுவதில்லை, ‘எத்தனை அடுப்பு?’ என்றுதான் கேட்பார்கள். ஓர் அடுப்பு என்றால் ஒரு குடும்பம், அதில் எவரும் பொய் சொல்வதில்லை, சொன்னால் குழாயடியில் முகத்தில் விழிக்க முடியாது. ஆளுகையைப் பற்றி அத்தனை சனிக்கிழமை படித்த ஒருவர், அந்தத் தோட்டத்தில் அரைநாள் நின்றிருந்தால் இதைக் கேட்டிருப்பார். அவர் நிற்கவில்லை. கடிதத்துக்கும் கெஞ்சலுக்கும் இடம் வைக்காத ஒரு பொருளைத் தன் மேசையிலிருந்தே தேடி, கதவைக் கண்டுபிடித்தார். அது ஏழைகளின் வீடுகளில் மலிவாகச் செய்யக்கூடிய பொருள் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

நான் அவரைப் பார்க்கப் போனேன். அறை வாசலில் காத்திருந்து, என் முறை வந்த பிறகுதான் உள்ளே போனேன். எழுந்து கைகொடுத்தார். பழைய ‘மச்சான்’ இரண்டு பக்கத்திலிருந்தும் வரவில்லை.

“இரும். என்ன குடிக்கிறீர்?”

“ஒண்டும் வேண்டாம். ஒரு ஆளை அனுப்புங்கோ. ஒரு காசால சுரண்டினாக் காணும். பச்சைக்குக் கீழ நீலம், நீலத்துக்குக் கீழ சாம்பல். மூண்டையும் ஒரு கிழமையில பூசி அப்பிடிக் காயவைக்கேலாது.”

“நீர் கேட்டு நான் ஆளை அனுப்பினா அதுக்கு என்ன பேர்?”

“வேலை.”

அவர் சிரிக்கவில்லை. “சலுகை” என்றார். “ரெண்டாம் தரம் ஆள் போறதில்லை எண்டு நான்தான் விதி வைச்சனான். ஏன் தெரியுமோ? போறவன் சுரண்டிப் பாக்க மட்டும் போகமாட்டான். கை நீட்டவும் போவான். ஆவணம் இருந்தாத் தாரும், பாக்கிறன்.”

கதவுக்கு யார் ஆவணம் வைத்திருப்பார்கள்? அத்தான் சுவரை வெட்டியது மாநகர சபையைக் கேட்டு அல்ல. மின்கட்டணப் பட்டியலும் வரி இலக்கமும் கீழ்வீட்டின் பெயரில். நாங்களே சுரண்டிப் படம் எடுத்துத் தரவா என்று கேட்டேன். விண்ணப்பதாரர் எடுக்கும் படங்கள் ஏற்கப்படா என்றார், அவற்றில் மோசடி செய்யலாம் என்பதால். வாசல் வைத்த நாள் என் நாட்குறிப்பில் இருக்கிறது என்றேன். “உம்மட டயறி அரச ஆவணம் இல்லை. நீர் அவவின்ர தம்பி” என்றார். இரண்டும் உண்மைதான்.

புறப்பட எழுந்தபோது குரலைத் தாழ்த்தினார். “நான் இந்தக் கந்தோரில தமிழன். தமிழ்ச் சனத்துக்கு, அதுவும் கூடப் படிச்சவன்ர அக்காவுக்கு, முடிவை மாத்தினா என்ன கதைப்பாங்கள் எண்டு உமக்குச் சொல்லித்தர வேணுமோ?”

அந்த நேரத்தில் அது எனக்கு விளங்கியது. விளங்கியதாலேயே பேசாமல் வந்துவிட்டேன். பிறகு ஒரு விடயம் தெரியவந்தது. அதை இரண்டு பேரிடம் தனித்தனியே கேட்டு உறுதிப்படுத்தினேன். அதே மாடியில், இதே பதவியில் இருந்த ஒரு சிங்கள அதிகாரி, தன் பொறுப்பிலிருந்த தோட்டம் ஒன்றுக்கு ஒரு காலை நேரில் போய், சந்தேகத்துக்குரிய கதவுகளைத் தானே திறந்து மூடிப் பார்த்து, சில முடிவுகளை மாற்றி எழுதினார். அதனால் பயன் பெற்றவை பெரும்பாலும் சிங்களக் குடும்பங்கள். ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. இரண்டாம் தரம் போகக்கூடாது என்ற விதியும் எங்கேயும் உடைந்து விழவில்லை.

அன்றிலிருந்து எனக்கு அவர் மேல் வேறு விதமான கோபம். கண்டிப்பான அதிகாரியை நான் வெறுக்கமாட்டேன். அந்தக் கண்டிப்பு எல்லாருக்கும் ஒன்றாக இருந்தால், சீட்டில் தோற்ற கைக்குழந்தைக்காரியைப் போல நாங்களும் ஏற்றுக்கொண்டிருப்போம். ஆனால் இவருடைய விதி இவருடைய சனத்துக்கு மட்டும் கடினமாக இருந்தது. தன்னைப் பார்த்து எவரும் விரல் நீட்டக்கூடாது என்பதற்காக, தன்னிடம் வரும் தமிழரைக் கொஞ்சம் அதிகமாகவே தள்ளி நிறுத்தும் அதிகாரிகளை நான் சேவைக்காலம் முழுவதும் கண்டிருக்கிறேன். தமிழில் எழுதிய விண்ணப்பத்தை மற்றவற்றுக்குக் கீழே வைப்பார்கள், தமிழில் கேட்டால் சிங்களத்தில் பதில் சொல்வார்கள். அதற்கு நடுநிலை என்று பெயர். அவருடைய தகப்பனுக்கு நடந்தது அநியாயம். அந்த அநியாயத்திலிருந்து அவர் கற்றுக்கொண்டது, அநியாயம் செய்யும்போது கையில் கடிதம் இருக்கக்கூடாது என்பதை மட்டுமே.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். கதவை நாமே சுரண்டி வைப்போம், யாராவது வந்தால் கண்ணில் படட்டும் என்று கேட்டேன். தையல் மெஷினிலிருந்து தலை நிமிரவில்லை.

“கள்ளி இல்லை எண்டு காட்ட நான் என்ர கதவைச் சுரண்டவோ? வந்து பாக்கட்டும். வாறவைக்கு முன்னால நானே சுரண்டிக் காட்டுறன்.”

அதனால் அந்தக் கதவை நாங்கள் தொடவில்லை. இது முக்கியம்.

மாசி மாதத்துச் சனிக்கிழமை வகுப்புக்கு நான் போனது, சிறப்பு விரிவுரையாளர் என்று அவருடைய பெயர் அறிவித்தலில் இருந்ததால். இறுதிப் பட்டியல் அப்போது கையெழுத்தாகியிருக்கவில்லை. பழைய மாணவர்கள் பின்வரிசையில் இருக்கலாம். அதே மேல்மாடி, அதே கடற்காற்று. சோக்கட்டிக்குப் பதிலாகப் புரொஜெக்டர். தலைப்பு, கள நிர்வாகத்தில் புறவயமான அளவுகோல்கள். நன்றாகவே பேசினார். சீட்டுக் கணக்கைக்கூடச் சொன்னார், இளம் அதிகாரிகள் எங்களைப் போலவே வாதாடினார்கள். பிறகு திரையில் பச்சைக் கதவு வந்தது.

“இதில என்ன பிழை?” என்று கேட்டார்.

முன்வரிசையில் ஒருவர், “பெயின்ட் இன்னும் காயேல்லை, சேர்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். “பிணைச்சலும் கடையில இருந்து நேர வந்திருக்கு” என்றார் இன்னொருவர். மறுபடியும் சிரிப்பு. இப்படிப்பட்ட முயற்சிகளை அளவுகோல் எவ்வாறு பிடித்துவிடுகிறது என்று அவர் விளக்கத் தொடங்கினார்.

நான் எழுந்தேன். “அது என்ர அக்காவின்ர கதவு. பொங்கலுக்குப் பெயின்ட் பூசினவ. அந்த வாசலால நான் ஒரு தலைமுறையாப் போய் வாறன்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் வந்திருப்பதை முன்பே கண்டிருந்தாரா என்று தெரியவில்லை. “தனிப்பட்ட விசயங்களை வகுப்பில கதைக்க வேண்டாம்” என்றார்.

“தனிப்பட்ட கதவைத் திரையில போட்டது நானில்லை.”

அப்போது நடுவரிசையிலிருந்து ஓர் இளம் பெண் அதிகாரி கையை உயர்த்தினார். அவருக்கு என்னையும் தெரியாது, அக்காவையும் தெரியாது. “சேர், கீழ வேற பெயின்ட் இருக்கோ எண்டு ஆரும் சுரண்டிப் பாத்தவையோ?”

“நடைமுறையில அதுக்கு இடமில்லை.”

“நடைமுறையை எழுதினது ஆர் சேர்?”

ரயில் வந்தது. பழைய விரிவுரையாளரைப் போலவே அவரும் பேச்சை நிறுத்தி நின்றார். கடைசிப் பெட்டி போனது. அவர் விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை. அடுத்த படத்துக்குப் போய்விட்டார். வகுப்பு முடிந்து படியிறங்கும்போது என்னருகே வந்து, “நீர் இப்பிடிச் செய்திருக்கக் கூடாது” என்றார். “நீங்கள் ஒருக்காப் போய்ப் பாத்திருக்கலாம்” என்றேன். அதுவே நாங்கள் கடைசியாகக் கதைத்தது.

அடுத்த கிழமை, வெள்ளிக்கிழமைத் திகதியிட்ட அவருடைய கையெழுத்தோடு இறுதிப் பட்டியல் வந்தது. அக்காவின் பெயர் இல்லை. வைகாசியில் தோட்டத்தை இடித்தார்கள். இப்போது அக்காவும் மகளும் தெமட்டகொடையில், மிக உயரத்தில், கொழுந்தன் வீட்டுக் கூடத்தில் ஓர் அலுமாரியைக் குறுக்கே வைத்து அதன் பின்னால் இருக்கிறார்கள். கொழுந்தனின் மூத்தவன் வேலையால் வந்து தொலைக்காட்சியை நிறுத்தும்வரை மகளால் படுக்க முடியாது. தோட்டத்தில் இருந்தபோது தனி வாசல் இருந்தது, இப்போது வெளியே போகவும் கொழுந்தனின் கூடத்தைத் தாண்ட வேண்டும். கலியாணமான புதிதில் அத்தான் சுவரை வெட்டியது எதற்காகவோ, அந்த நிலைக்கே அக்கா திரும்பியிருக்கிறார். மாடியில் போய்ப் பார்த்தபோது, “இங்க சுவரை வெட்டினா ஆகாயம்தான் வரும்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இடிப்பதற்கு முந்திய நாள், சாமான்களை ஏற்ற நான் போயிருந்தேன். பச்சைக் கதவின் ஓரத்தில், பூட்டுக்குச் சற்று மேலே, பெருவிரல் நகமளவு ஒரு சுரண்டல். சுற்றிலும் பச்சை, அதற்குள் நீலம், நடுவில் சாம்பல். அக்காவும் மகளும் அதைச் செய்யவில்லை. இருவரையும் கேட்டேன். பிறகு எதிர்வீட்டுப் பெண்ணைக் கேட்டேன்.

“ஒரு ஐயா வந்தாரு. தனியா, த்ரீவீல்ல. வெள்ளச் சட்டை, பையில பேனை. கதவுகிட்ட குனிஞ்சு சாவியால சுரண்டினாரு. ஊதிப் பாத்தாரு. அப்புறம் லேஞ்சியால கையத் துடைச்சிக்கிட்டாரு.”

“ஏதும் கதைச்சவரோ?”

“வீட்டுக்காரம்மா எங்கன்னாரு. தைக்கப் போயிருக்காங்க, இருங்க கூட்டி வாறேன்னேன். வேணாம்னுட்டாரு. கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிட்டாரு.”

நாள் எது என்று கேட்டேன். பட்டியல் வந்த கிழமை, செவ்வாய்க்கிழமை என்றார். செவ்வாய்தோறும் போகும் அந்தோனியார் கோயிலிலிருந்து திரும்பி வந்த நேரம் என்பதால் அவருக்கு அது நிச்சயம். அவரோடு கோயிலுக்குப் போனவரையும் விசாரித்தேன். நாள் சரி. டிப்ளோமா முடித்தபோது நாங்கள் எடுத்த படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். முதலில் பணிப்பாளர்மேல் விரலை வைத்தார். பிறகு அவருக்கு இரண்டு பேர் தள்ளி நின்றவர்மேல் வைத்தார். “இம்புட்டு இளசா இருந்தா எப்பிடிச் சொல்றது?” என்று படத்தைத் திருப்பித் தந்துவிட்டார். வெள்ளைச் சட்டையும் பேனையும் கொழும்புக் கந்தோர்களில் பாதிப்பேரின் அடையாளம். பணிப்பாளருக்கு நேரடியாகவே எழுதிக் கேட்டேன். கிடைத்ததாக ஓர் அட்டை வந்தது, பதில் வரவில்லை.

ஆக, செவ்வாய்க்கிழமை ஒருவர் அந்தக் கதவைச் சுரண்டி மூன்று நிறங்களையும் பார்த்தார். வெள்ளிக்கிழமை பணிப்பாளர் பட்டியலில் கையெழுத்திட்டார். இவ்விரண்டும் உறுதி. அந்த இருவரும் ஒரே ஆள்தானா என்பது, இதை எழுதும் இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.